ஊருக்கொரு அத்தி

மரம் செத்ததற்குத் துப்பறிய ஆள் வைத்தவர் பினாங்கு முழுவதிலும் சபூரா ஒருவராகத்தான் இருப்பார். மனிதன் செத்தாலே 'விதி' என்று ஒரே சொல்லில் மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிற ஊர் இது.

"நவமணி, எத்தனை பிணம்?" என்று கேட்டார் கார்த்திகேசு.

"பதினொன்னு, சார். கண்ணால பார்த்த சாட்சி ஒன்னு உயிரோட நிக்குது. ஆனா வாய் பேசாது" என்றேன்.

டத்தோ கிராமாட் சாலை வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் நின்றிருந்தோம். இரண்டு வரிசையாகச் சீமை அத்தி மரங்கள். ஓர் இலை இல்லை. கிளை நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. கிணற்றோரம் தனியாக நின்ற பன்னிரண்டாவது மரம் மட்டும், பக்கத்தில் இழவு விழுந்ததே தெரியாததுபோல, பச்சைப் பசேல் என்று காய்த்துக் குலுங்கியது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு சின்னப் பலகை. தாயிஃப், மதீனா, ஏமன், மிஸ்ர், ஷாம், பஸரா என்று அரபு தேசப் பெயர்கள், ஊருக்கொரு அத்தி.

என் எஜமான் கார்த்திகேசு முன்பு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மற்றவர் சொன்ன பொய்களையெல்லாம் மூன்று பாஷையில் திருப்பிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த் துப்பறிய வந்தவர். சிரிப்பதற்கு ஆண்டவன் கொடுத்த தசைகளை அவர் யோசிப்பதற்குப் பயன்படுத்துகிறார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் இருந்தேன். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டதற்காக வேலை போனது. இப்போது அதே காரியத்துக்குச் சம்பளம் வாங்குகிறேன்.

சபூரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் மரத்தின் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். அழுது முடித்துவிட்ட முகம்.

"ஒரே வாரத்துல எல்லாம் போச்சுங்க. இலைக்கு அடியில துரு மாதிரி மஞ்சத்தூள் வந்துச்சு. அப்படியே கொட்டிப்போச்சு. எங்க வீட்டுக்காரர், இது தம்பி இப்ராஹிம் வேலைதான், வேருல எதையோ ஊத்திட்டான்னு சொல்றாங்க. அவன் வெச்ச மரம் மட்டும்தான் பிழைச்சிருக்கு, பாருங்க. இன்னைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள அவனை வீட்டைவிட்டு அனுப்பணுமாம். இல்லாட்டி மாத்தா-மாத்தாகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவாங்களாம்."

போலீஸைத்தான் அப்படிச் சொன்னார். மலாயில் மாத்தா என்றால் கண். இந்த ஊர்ப் போலீஸுக்கு இரண்டு மாத்தா இருந்தும் எதுவும் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

"உங்களுக்கு என்ன தெரியணும்?" என்றார் கார்த்திகேசு.

"என் தம்பி செய்யலைன்னா அதைச் சொல்லுங்க. செஞ்சிருந்தா அதையும் சொல்லுங்க. தாய் தகப்பன் இல்லாம நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். தெரியாம அனுப்பமாட்டேன்."

கார்த்திகேசு குனிந்து, செத்த மரத்தடி மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நவமணி, மண்ணில விஷத்தை ஊத்தினா முதல்ல எது சாகும்?"

"ஊத்தினவன் மனசாட்சி."

"அதுக்கு அடுத்தது?"

அப்போதுதான் கவனித்தேன். மரத்தடியில் புல் கணுக்கால் உயரம் வளர்ந்திருந்தது. கீரை மாதிரி தளதளவென்று இருந்தது. மரத்தைக் கொல்கிற விஷம் புல்லை மட்டும் விட்டுவிடுமா?

"அப்ப விஷமே இல்லையா?" என்று சபூரா கேட்டார்.

"நோய்மா. ஆனா நோயும் இப்படிக் கொல்லாது. நவமணி, பதினோரு பேர் இருக்கிற வீட்டில காலரா வருது. எல்லாரும் ஒரே மாதிரி செத்துடுவாங்களா?"

"எங்க வீட்டுல ஒரு பெரியப்பா பிழைச்சாரு. எமனுக்குக்கூட எதையும் கொடுக்கமாட்டார் அவர்."

"அதேதான். ஒருத்தன் உடம்பு போல இன்னொருத்தன் உடம்பு இருக்காது. ரெண்டு பேர் சாவாங்க, மூணு பேர் படுத்து எழுந்திருப்பாங்க, ஒருத்தனுக்குத் தும்மல்கூட வராது. இங்க பதினோரு தேசத்து மரம் நிக்குது. பதினொன்னும் ஒரே வாரத்துல, ஒரே மாதிரி செத்திருக்கு. ஏன்?"

அந்த 'ஏன்' என்பதைக் காற்றில் விட்டுவிட்டு அவர் சபூராவிடம் மரங்களின் கதையைக் கேட்டார். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சபூராவின் கணவர் நூர் முகம்மது ஹாஜியார் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டி. வருஷத்தில் பாதி நாள் ஹஜ் கப்பலோடு போய்விடுவார். அந்த வீட்டு வழக்கப்படி பெண்கள் கப்பல்துறைக்கு வரமாட்டார்கள். வாசற்படியோடு வழியனுப்புதல், கண்ணீர், துஆ. கையில் சபூரா போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி. அந்த ஜாடி மட்டும் வருஷாவருஷம் கப்பலில் உடைந்துபோய்விடுமாம். திரும்பி வரும்போது ஒரு பை பேரீச்சை, ஒரு குப்பி ஸம்ஸம் தண்ணீர், மனைவிக்கென்று ஓர் அத்திக்கொம்பு. ஒவ்வொரு வருஷமும் ஒரு புது ஊர்க் கொம்பு.

"நான் கப்பல் ஏறினதே இல்லைங்க. தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும். இந்தா, எதிர்க்கரையில இருக்கிற பிறை ஊருக்குக்கூடப் போனதில்லை. அதனாலதான் அவங்க, 'நீ போகாட்டி என்ன சபூரா, ஊரை உன்கிட்ட கொண்டு வரேன்'னு சொன்னாங்க."

"பழம் எப்படி இருக்கும்?"

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "தாயிஃப் பழம் தேன். மிஸ்ருல கொஞ்சம் புளிப்பு ஓடும். ஷாம் பழத்துக்கு ஒரு வாசம் இருக்குங்க, கண்ணை மூடிட்டுத் தின்னாலும் சொல்லிடுவேன்."

"விதை போட்டுப் பார்த்தீங்களா?"

"எத்தனையோ தடவை. ஒன்னுகூட முளைக்கலை."

"முளைக்காது. அத்திப்பூ பழத்துக்கு உள்ளேயே இருக்கு. அதுக்குள்ள புகுந்து மகரந்தம் சேர்க்க ஒரு குட்டிக் குளவி வேணும். அந்தக் குளவி இந்த ஊர்ல கிடையாது."

"கல்யாணத் தரகர் இல்லாத ஊர்ல பிள்ளை ஏது?" என்றேன் நான்.

"ஆக, இந்தத் தோட்டத்தில எல்லாமே கொம்பில இருந்து வந்ததுதான். சரிம்மா, கொண்டு வந்த கொம்புகள்ல எத்தனை பட்டுப்போச்சு?"

"முதல் வருஷம் கொண்டு வந்தது மட்டும் வழியிலேயே காய்ஞ்சுபோச்சுன்னாங்க. அதுக்கப்புறம் ஒன்னுகூடப் பட்டுப்போகலை. அவங்க கைராசி அப்படி. வந்த அன்னைக்கே நான்தான் நடுவேன். கொம்பு நுனியில இருந்து பால் சொட்டும். கையில பட்டு ரெண்டு நாளைக்கு அரிக்கும். அந்த அரிப்புகூட எனக்குப் பிடிக்குங்க."

கார்த்திகேசு கழுத்துப் பட்டைக்குள் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார், அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து நூர் முகம்மது வந்தார். நல்ல உயரம், நரை ஓடிய தாடி, அத்தர் வாசனை. பேசினால் தேன் சொட்டும் ரகம். அந்த ரகத்தைக் கண்டாலே எனக்கு எறும்பு ஞாபகம் வந்துவிடும்.

"பாவம், என் பீபி மனசு உடைஞ்சுபோய் உங்களைக் கூப்பிட்டிருக்கு. இதுல துப்பறிய என்னலா இருக்கு? அந்தப் பய ரூமுக்குப் பின்னால மண்ணெண்ணெய் டின் கிடந்துச்சு. அவன் மரம் மட்டும் ஜோரா நிக்குது. போன மாசம் என்கிட்ட சண்டை போட்டான். கணக்கு நேராத்தானே இருக்கு?"

"எதுக்குச் சண்டை, ஹாஜியார்?"

"குடும்ப விஷயம்" என்றவர், வந்த தேனை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்.

இப்ராஹிமைப் பின் அறையில் பார்த்தோம். சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவன். கண் இமையில்கூடக் கரி ஏறியிருந்தது. தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"டின் என்னதுதான் சார். விளக்குக்கு வெச்சிருந்தேன். அக்கா மரத்தை நான் தொடுவேனா?"

"உன் மரம் எப்படி வந்துச்சு?"

"ஏடன்ல ஒரு தோட்டக்காரர் கட்டா அஞ்சு கொம்பு கொடுத்தாரு. வெட்டின இடத்துல மெழுகு வெச்சு, ஈரச்சாக்குல சுத்தி, தினம் குடிக்கிற தண்ணியில பாதியை அதுக்கு ஊத்தினேன். பினாங்கு வந்து பார்த்தா நாலு கரிக்கட்டையாட்டம் ஆயிடுச்சு. ஒன்னுதான் மிஞ்சிச்சு. அதுவும் முளைவிட ரெண்டு மாசம் ஆச்சு."

"பால் சொட்டிச்சா?"

அவன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். "கடல்ல அத்தனை நாள் கிடந்த கட்டையில பால் எங்கருந்து சார் சொட்டும்?"

சபூரா கையில் இரண்டு நாள் அரித்த பால் எனக்கு ஞாபகம் வந்தது.

"மச்சானோட என்ன சண்டை?"

அவன் பெட்டி மூடியை அழுத்தினான். "அதை மட்டும் கேக்காதீங்க சார். நான் போயிடறேன். அக்கா சந்தோசமா இருக்கட்டும்."

வெளியே வந்ததும் கார்த்திகேசு குப்பைக்குழியிலிருந்து உதிர்ந்த இலைகளை அள்ளிவரச் சொன்னார். மரத்துக்கு மரம் தனித்தனியாகக் கூட்டி வைத்திருந்தார் சபூரா, அத்தனை மரியாதை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஓர் இலை எடுத்துப் படியில் பரப்பினேன். ஐந்து விரல், நடுவிரல் நீளம், காம்பருகே ஒரு சின்னப் பிளவு. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஏடன் மரத்து இலையைப் பறித்துப் பக்கத்தில் வைத்தேன். மூன்றே விரல், உருண்டையாக, கல்யாண வீட்டுக்குத் தவறி வந்த விருந்தாளி மாதிரி இருந்தது.

"இதுல ஷாம் எது, மிஸ்ர் எது, சொல்லு" என்றார்.

"எல்லாம் ஒரே அச்சு, சார்."

"உங்க வீட்டு முருங்கையில ஒரு கொம்பை ஒடிச்சு அடுத்த வீட்டில நட்டா அது என்ன மரம்?"

"எங்க வீட்டு முருங்கைதான். வேலிக்கு அந்தப்பக்கம் நிக்குது, அவ்வளவுதான்."

"அதான் நவமணி. கொம்பு பிள்ளை இல்லை. அதே மரம்தான், இன்னொரு இடத்தில நிக்குது. இந்தத் தோட்டத்தில பதினோரு மரம் சாகலை. ஒரே மரம் பதினோரு தடவை செத்திருக்கு. அதுல ஒன்னு தாங்காத நோயைப் பதினொன்னும் தாங்காது. இப்ராஹிம் கொண்டு வந்தது வேற ரத்தம். அதனால பிழைச்சுது."

"அப்ப தாயிஃப், ஷாம்..."

"பலகையில எழுத யாரும் கப்பல் ஏற வேண்டியதில்லை."

பால் சொட்டச் சொட்ட வந்த கொம்பு. அதே நாள் காலையில் வெட்டிய கொம்பு. அப்படியென்றால் வெட்டிய மரம், அரைநாள் தூரத்துக்குள் எங்கோ நிற்கிறது. வருஷத்தில் பாதி நாள் அந்த மனுஷர் எங்கே இருந்தார்?

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்றேன். அந்தப் பழமொழியைச் சொன்ன வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வாயை மூடிக்கிட்டு மருந்துக் கடைக்குப் போய் மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். கார்த்திகேசு எல்லோரையும் முன்கூடத்தில் கூட்டி உட்காரவைத்து, கோர்ட்டுக் குரலில் பேசினார்.

"இது விஷம் இல்லை. காத்துல பரவுற நோய். இதே ஜாதி அத்தி வேற எங்க நின்னாலும், இந்நேரம் அதுக்கும் வந்திருக்கும். இந்த மருந்தைக் கரைச்சு இன்னைக்கே பூசினா ஒருவேளை பிழைக்கும். நாளைக்குப் பூசினா விறகுதான். இங்க உள்ளதுக்கு இனி பிரயோசனம் இல்லை. இப்ராஹிம் மரத்துக்கு முன்ஜாக்கிரதையா கொஞ்சம் பூசலாம். ரெண்டு பொட்டலம் இருக்கு."

மேஜையில் வைத்துவிட்டு, சபூரா கொடுத்த காப்பியைக் குடிக்க உள்ளே போனோம். பாதிக் கோப்பைகூட முடியவில்லை.

"பள்ளிவாசல்ல லுஹர் தொழுதுட்டு வந்துடறேன்" என்று ஹாஜியாரின் குரல் வாசலில் கேட்டது.

போய்ப் பார்த்தேன். மேஜையில் ஒரே பொட்டலம் இருந்தது.

தொழுகைக்கு மயில்துத்தம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டது சபூரா. காலி இடத்தையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அம்மா, நீங்க வீட்டிலயே இருங்க. பார்த்துட்டு வந்து சொல்றோம்" என்றார் கார்த்திகேசு.

"இத்தனை வருஷம் வந்து சொன்னதைத்தான் கேட்டேன். இன்னைக்கு நானே பார்க்கறேன்."

ரிக்‌ஷா இரண்டு பிடித்தோம். ஹாஜியார் ஏறி முன்னால் போன ரிக்‌ஷா பள்ளிவாசல் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கடற்கரை, அங்கிருந்து ஃபெர்ரி. பிறைக்குப் போகிற ஃபெர்ரி. ஹாஜியார் முன்தளத்தில் நின்றார். நாங்கள் கோழிக்கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அந்தக் கோழிகள் என்னைப் பார்த்த பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

சபூரா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். தலை சுற்றியதாகத் தெரியவில்லை. எதிர்க்கரையில் ரயில் கொட்டகைகளும் புகைபோக்கிகளும் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"இதுதான் கடலா?" என்று கேட்டார். "இவ்வளவு சின்னதா?"

நான் ஒரு கோழிக்கூடையைத் தள்ளி அவர் உட்கார இடம் செய்தேன்.

பிறை ரயிலடியைத் தாண்டி ஒரு கம்போங், மலாய்க் கிராமம். தென்னந்தோப்புக்குள் மலாய்ப் பாணியில் ஒரு பலகை வீடு, சுத்தமாகப் பெருக்கிய முற்றம். முற்றத்தின் நடுவே ஒரு அத்தி. தோட்டத்து மரங்களைவிட இரண்டு மடங்கு தடிமன். பாதி இலை உதிர்ந்து, மீதி இலையில் மஞ்சள் துரு. ஹாஜியார் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, முழங்கால் மண்ணில் பதிய உட்கார்ந்து, தேங்காய் நாரால் அடிமரத்தில் நீல மருந்தைப் பூசிக்கொண்டிருந்தார். அத்தனை பதற்றத்தோடு அவர் எந்த மரத்தையும் தொட்டு நான் பார்க்கவில்லை. சபூராவின் மரங்களைப் பற்றிப் பேசும்போது அவர் பலகையில்கூடக் கை வைக்கவில்லை.

சபூரா வேலியைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நாங்கள் தடுக்கவில்லை.

"தொழுதாச்சாங்க?" என்றார்.

நார் ஹாஜியார் கையிலிருந்து விழுந்தது. தாடியில் நீலம் தெறித்திருந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வாளியில் தண்ணீரோடு வந்தாள். முப்பது வயது, பூப்போட்ட கெபாயாச் சட்டை, தலையில் துண்டு.

"யாரு அபாங் இவங்க?"

அபாங் என்றால் அண்ணன். இந்த ஊரில் கட்டின புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஹாஜியார் எழுந்தார். அந்த நிலையிலும் நாக்கு வேலை செய்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ரொஸ்னா, இவங்க... பினாங்குல எனக்குத் தெரிஞ்ச வீட்டுக்காரங்க. மரத்தைப் பார்க்க வந்திருக்காங்க."

தெரிந்த வீட்டுக்காரங்க! கார்த்திகேசுவின் கை என் முழங்கையைப் பிடித்திருக்காவிட்டால், அந்த வாளி அப்போதே ஹாஜியார் தலையில் கவிழ்ந்திருக்கும்.

சபூரா அவர் பக்கம் திரும்பவேயில்லை. ரொஸ்னாவைத்தான் பார்த்தார்.

"நல்ல மரம். எப்ப வெச்சதும்மா?"

"எங்க நிக்காஹ் அன்னைக்குக்கா. அபாங் முதல் தடவை மக்கா போய்ட்டு வந்தப்ப தாயிஃப்ல இருந்து கொண்டு வந்தாரு. அத்தனை கடல் தாண்டி இது ஒன்னுதான் உயிரோட வந்துச்சாம். உனக்குன்னே வந்துச்சு ரொஸ்னான்னு சொல்வாரு." அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "இப்ப பாருங்கக்கா, யாரோ கண்ணு வெச்சுட்டாங்க."

"இப்பவும் மக்கா போறாரா?"

"இல்லலா. அது ஒரு தடவைதான். இப்ப வருஷத்துல பாதி ரங்கூன்ல அரிசி வியாபாரம். வரப்ப எல்லாம் அங்கத்து ஊறுகாய் கொண்டு வருவாரு. அதைத் தின்னுட்டுத்தான் அவர் இல்லாத நாளை ஓட்டுவேன்."

வராந்தாக் கைப்பிடியில் வரிசையாக ஜாடிகள். மண் நிரப்பி மிளகாய்ச் செடி வைத்திருந்தாள். கழுத்தில் பச்சைக் கோடு போட்ட ஜாடிகள். காப்பி குடிக்கப் போனபோது அதே பச்சைக் கோட்டை நான் சபூராவின் அடுக்களையில் பார்த்திருந்தேன். கப்பலில் உடைந்துபோகிற ஜாடிகள் எங்கே போகின்றன என்று இப்போது தெரிந்தது.

சபூரா ஒரு ஜாடியைத் தொட்டார். கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"எலுமிச்சையில உப்பு கொஞ்சம் கூட இருக்குமேம்மா?"

"ஆமாக்கா. எப்படித் தெரியும்?"

"கடல்ல போறவங்களுக்குக் கெடாம இருக்கணும்னு கூடப் போடுவேன்."

ரொஸ்னா முதலில் சிரித்தாள், புரியாமல். பிறகு ஜாடியைப் பார்த்தாள், சபூராவைப் பார்த்தாள், கடைசியாக நீலத் தாடியைப் பார்த்தாள். கையிலிருந்த வாளி நழுவித் தண்ணீர் முற்றம் முழுவதும் ஓடியது.

"சபூரா, நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பித்தார் ஹாஜியார். "மார்க்கத்துல இடம் இருக்கு. நான் ஹராமா ஒன்னும்..."

"ரெண்டாவது கல்யாணம்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுது முடிச்சும் இருப்பேன். மக்காவை வெச்சுப் பொய் சொன்னீங்களே. நீங்க கப்பல்ல இருக்கீங்கன்னு புயல் அடிக்கிற அன்னைக்கெல்லாம் விடிய விடிய ஓதினேனே. அப்ப நீங்க இந்த வராந்தாவுல உக்காந்து என் ஊறுகாயைத் தின்னுட்டு இருந்தீங்களா?"

ஹாஜியார் வேலியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சபூரா மரத்திலிருந்து ஒரு கொம்பை ஒடித்தார். நுனியில் பால் துளிர்த்துப் புறங்கையில் சொட்டியது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஷாம் பழத்துக்கு ஒரு வாசம் இருக்குன்னு நினைச்சேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். கொம்பைக் கீழே போட்டார். ரொஸ்னாவின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.

திரும்பும் ஃபெர்ரியில் கார்த்திகேசு தொண்டையைக் கனைத்தார். அவர் ஆறுதல் சொல்ல முயல்கிறார் என்று புரிந்து நான் பயந்துபோனேன்.

"நீங்க கேட்டதுக்குப் பதில் கிடைச்சிருச்சும்மா. உங்க தம்பி செய்யலை."

"ஆமாம்" என்றார் சபூரா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீடுவரை வந்தார் என்று நினைக்கிறேன்.

அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது வீட்டை அடைந்தோம். இப்ராஹிம் வாசலில் தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்தான். எங்கே போய் வந்தாய் என்று கேட்கவில்லை. அக்காவின் சேலை ஓரத்துச் சேற்றையும் முகத்தையும் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிதலை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருந்திருக்கலாம். சபூராவும் கவனித்துவிட்டார்.

"பெட்டியை உள்ளே வை தம்பி. நீ எங்கேயும் போகவேணாம்" என்றவர் நிறுத்தினார். "மச்சானோட எதுக்குடா சண்டை போட்டே?"

அவன் பெட்டியின் கைப்பிடியைத் திருகினான்.

"இப்ராஹிம்."

"ஜித்தால விசாரிச்சேன்க்கா. அங்க வழிகாட்டிங்க யாரும் மச்சானைப் பல வருஷமா பார்த்ததே இல்லைன்னாங்க. வந்த அன்னைக்கே அவரைக் கேட்டேன். உன் அக்கா உயிரையே விட்டுடுவா, பேசாம இருன்னாரு. நீ அந்த மரங்களுக்குத் தண்ணி ஊத்தி சந்தோசமா இருந்தே. எனக்கு வாய் வரலை. போன மாசம் பொறுக்கமுடியாம மறுபடி கேட்டேன், அதான் சண்டை."

"எத்தனை நாளா தெரியும்?"

"அந்த ஏடன் கொம்பு கொண்டு வந்தேனே, அந்தப் பயணத்துல இருந்து."

அந்தக் கொம்பு கிணற்றோரத்தில் இப்போது ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து நின்றது. ஒரு பழம் கனிந்து வெடித்திருந்தது. சபூரா போய் அதன் கீழே நின்றார். அத்தனை காலம் இந்தப் பையன் அவர் கையால் சாப்பிட்டு, அவர் சொன்ன ஷாம் கதையையும் மிஸ்ர் கதையையும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறான். விஷம் வைக்கவில்லைதான். கார்த்திகேசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இந்த வழக்கில் கடைசி வெற்றி தேவைப்படவில்லை.

"இது எந்த ஊரு மரம்?" என்று சபூரா கேட்டார்.

"ஏடன்க்கா. சத்தியமா ஏடன்."

சபூரா மரத்தில் தொங்கிய பலகையைக் கழற்றி, எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார்.

"இருக்கும் தம்பி," என்றார். "ஆனா அதை நான் இனி யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது?"